மட்டையோடு கடல் கடந்தவர்கள்

ஒரே ஆண்டு. இரண்டு ஹாக்கிப் போட்டிகள். இரண்டிலும் கோல் கணக்கு 4–3.

முதல் போட்டி 1980 பிப்ரவரி 22-ஆம் தேதி அமெரிக்காவில் லேக் பிளாசிட் என்ற ஊரில் நடந்தது. குளிர்கால ஒலிம்பிக். மைதானம் முழுக்கப் பனிக்கட்டி. யாராலும் வெல்ல முடியாது என்று உலகமே நினைத்திருந்த சோவியத் ரஷ்ய அணியை, அமெரிக்கக் கல்லூரி இளைஞர்கள் 4–3 என்று தோற்கடித்தார்கள்.

இரண்டாவது போட்டி அதே ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி ரஷ்யத் தலைநகர் மாஸ்கோவில் நடந்தது. இது நமக்குத் தெரிந்த ஹாக்கி. ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4–3 என்று வென்று தங்கம் வாங்கியது இந்தியா. அணித்தலைவர் யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்காரர் வாசுதேவன் பாஸ்கரன்! ஒலிம்பிக் ஹாக்கியில் அது நமக்கு எட்டாவது தங்கம். அதற்குப் பிறகு 2024 வரை இன்னொரு தங்கம் வரவில்லை.

லேக் பிளாசிட்டில் தோற்ற ரஷ்ய அணியில் வியாசெஸ்லாவ் ஃபெடிசோவ் என்ற 21 வயது இளைஞர் இருந்தார். இந்தியா தங்கம் வாங்கிய அந்த ஜூலை மாதத்தில், புனே நகரை ஒட்டிய கட்கியில் ஒரு தமிழ்ச் சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது. அவன் பெயர் தன்ராஜ் பிள்ளை.

இருவரும் பின்னாளில் மட்டையைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டு அணிகளுக்கு விளையாடப் போனார்கள். ஒருவர் போகும்போது கதவு திறந்திருந்தது. இன்னொருவருக்குக் கதவு பூட்டியிருந்தது. இந்த இரண்டு கதைகளையும்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். படிக்கும்போது ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே: ஒரு விளையாட்டு வீரர் யாருக்குச் சொந்தம்?

இரண்டு விதமான ஹாக்கி

நாம் விளையாடுவது மைதான ஹாக்கி. ஒரு அணியில் பதினொரு பேர். வளைந்த மட்டை, கெட்டியான வெள்ளைப் பந்து.

ஐஸ் ஹாக்கி வேறு. அதில் ஒரு அணிக்குக் கோல் காப்பாளரையும் சேர்த்து ஆறு பேர்தான். காலில் கத்திபோல இரும்புத் தகடு வைத்த ஸ்கேட்டிங் ஷூ. பந்துக்குப் பதிலாகப் பக் என்ற ரப்பர் வட்டு. அதன் எடை சுமார் 170 கிராம். துள்ளிக் குதிக்காமல் வழுக்கி ஓட வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதைக் குளிர்பெட்டியில் வைத்து உறைய வைப்பார்கள்! இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். சறுக்கிக்கொண்டே ஓடுவதால் வேகம் மிக அதிகம். ஒரு நிமிடம்கூட ஆவதற்குள் மூச்சு வாங்கும். உடனே வெளியே வந்து அடுத்தவரை உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய தொழில்முறைப் போட்டி, அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் தேசிய ஹாக்கி லீக். 1917-இல் தொடங்கியது. வெற்றி பெறும் அணிக்கு ஸ்டான்லி கோப்பை. அந்தக் கோப்பையில் வீரர்களின் பெயரைப் பொறிப்பார்கள். நம் கோயில் கல்வெட்டுபோல அந்தப் பெயர் நிலைத்து நிற்கும்.

ஆண்டாளம்மாவின் மகன்

தன்ராஜ் 1968 ஜூலை 16-ஆம் தேதி கட்கியில் பிறந்தார். அப்பா நாகலிங்கம் பிள்ளை அங்கிருந்த ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். அம்மா பெயர் ஆண்டாளம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் முகத்தில் சிரிப்பு வருமே! நம் ஊர் ஆண்டாளின் பெயர்தான்.

பெரிய குடும்பம், சின்ன வருமானம். ஆனாலும் ஆண்டாளம்மா தன் பிள்ளைகளை 'விளையாடாதே, போய்ப் படி' என்று மட்டும் விரட்டவில்லை. மகன்கள் எல்லோரும் ஹாக்கி விளையாடட்டும் என்று ஊக்கம் கொடுத்தார். புது மட்டை வாங்கப் பணம் இல்லை. மற்றவர்கள் உடைத்துப் போட்ட மட்டையும், தூக்கி எறிந்த பந்தும்தான் இவர்களுக்கு. தொழிற்சாலைக் குடியிருப்பின் புழுதித் தரைதான் மைதானம். அந்தக் காலத்தில் முகமது ஷாகித் என்ற வீரர் பந்தை மட்டையோடு ஒட்டியதுபோல் கடத்திக்கொண்டு போவதில் மன்னர். தன்ராஜும் அவரைப்போல ஆடப் பழகினார்.

அண்ணன் ரமேஷ் மும்பையில் ஒரு உர நிறுவனத்தின் அணியில் விளையாடிக்கொண்டிருந்தார். அவரைத் தேடி மும்பை போனார் தம்பி. அண்ணன் காட்டிய வழியில் மிக வேகமான முன்கள ஆட்டக்காரராக வளர்ந்தார். பிறகு மகிந்திரா நிறுவன அணியில் இடம் கிடைத்தது. 1989-இல் இந்திய அணியின் சட்டையைப் போட்டார். அப்போது வயது 21.

அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள்! நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் கோப்பை. இந்தியாவுக்காக 339 ஆட்டங்கள். எத்தனை கோல் போட்டார் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஏன் தெரியுமா? அந்தக் காலத்தில் நம் நாட்டில் அந்தக் கணக்கை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை! பரீட்சை எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போட மறந்ததுபோலத்தான்.

ஏன் வெளிநாட்டுக்குப் போனார்?

நம் பக்கத்து ஊர்களில் வேலை தேடி வெளியூர் போகாத குடும்பம் இருக்கிறதா? மில் வேலைக்கு, கடை வேலைக்கு, கட்டட வேலைக்கு என்று திருப்பூர், சென்னை, வளைகுடா நாடுகள் வரை போகிறார்கள். தச்சர் உளியோடு போகிறார், கொத்தனார் கரணையோடு போகிறார். ஹாக்கிக்காரர் மட்டையோடு போகிறார். அவ்வளவுதான்.

1990-களில் இந்திய ஹாக்கி வீரர்களுக்குச் சம்பளம் தரும் லீக் போட்டி நம் நாட்டில் கிடையாது. ரயில்வே, வங்கி, விமான நிறுவனம் என்று ஏதாவது ஒன்றில் வேலை கிடைத்தால் அந்த மாதச் சம்பளம்தான். கிரிக்கெட் வீரர்களைப்போல விளம்பரப் பணமும் வராது.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே பல ஊர்களில் ஹாக்கி கிளப் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையிலிருந்து அறுபது வயதுத் தாத்தா வரைக்கும் ஒரே கிளப்பில் ஆடுவார்கள். வார இறுதியில் லீக் ஆட்டம். அணியைப் பலப்படுத்த வெளிநாட்டு வீரர் ஒருவரை அழைத்து வந்தால், தங்குவதற்கு இடம், பயணச் செலவு, அந்தப் பருவத்துக்கு இவ்வளவு என்று சம்பளம், எல்லாம் பேசி முடித்துக்கொள்வார்கள். பல கிளப்புகளில் அந்த வீரர் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் முதல் பெரிய ஹாக்கிப் போட்டிகள் புல் தரையில் நடப்பதில்லை. செயற்கைத் தரைக்கு மாறிவிட்டன. அதில் பந்து சீறிக்கொண்டு ஓடும். அந்தத் தரை போட நிறையப் பணம் வேண்டும். பணக்கார நாடுகள் உடனே போட்டுக்கொண்டன. நம் பிள்ளைகள் புழுதியிலேயே பழகிவிட்டு, போட்டிக்குப் போகும்போது மட்டும் அந்தத் தரையில் கால் வைத்தார்கள். நீச்சல் தெரிய வேண்டும் என்றால் தினமும் கிணற்றில் இறங்க வேண்டாமா? வெளிநாட்டுக் கிளப்பில் ஆடினால் அந்தப் பழக்கமும் கிடைத்தது.

தன்ராஜ் லண்டனில் இண்டியன் ஜிம்கானா, பிரான்ஸில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், மலேசியாவில் டெலிகாம் மலேசியா, வங்கதேசத்தில் டாக்காவின் அபஹானி என்று பல அணிகளுக்கு ஆடினார். கட்கிப் புழுதியில் உடைந்த மட்டையோடு ஓடிய கால்கள் எத்தனை நாட்டு மண்ணை மிதித்திருக்கின்றன, பாருங்கள்! ஆனால் இந்திய அணி அழைத்தபோதெல்லாம் வந்து நின்றார்.

தங்கமும் 'ஓய்வும்'

1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டி. தன்ராஜ்தான் அணித்தலைவர். ஆசிய விளையாட்டு ஹாக்கியில் இந்தியா கடைசியாகத் தங்கம் வாங்கியது 1966-இல். 32 ஆண்டுகள் ஓடிவிட்டன. இறுதிப் போட்டியில் எதிரே தென்கொரியா. ஆட்டம் 1–1 என்று முடிந்தது. பெனால்டி ஸ்ட்ரோக்கில் இந்தியா வென்றது. நாடே கொண்டாடியது.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். வீரர்களுக்குப் போட்டிப் பணம் ஒழுங்காகக் கிடைப்பதில்லை, வசதிகள் போதவில்லை என்று தன்ராஜ் வெளிப்படையாகப் பேசினார். அடுத்த தொடருக்கு அணியை அறிவித்தபோது தங்கம் வாங்கிய தலைவரின் பெயரே அதில் இல்லை! அவரோடு இன்னும் ஆறு மூத்த வீரர்களும் இல்லை. 'ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்று ஹாக்கி நிர்வாகம் சொன்னது. வாய் திறந்ததற்குத் தண்டனை என்றே பலரும் பேசிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் இன்னொருவராக இருந்தால் 'எனக்குத்தான் வெளிநாட்டுக் கிளப் இருக்கிறதே, இந்தியச் சட்டையே வேண்டாம்' என்று போயிருக்கலாம். தன்ராஜ் போகவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக் அணியில் மறுபடி இடம்பிடித்தார். அங்கே போலந்துடன் வென்றால் அரையிறுதி. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து கோல் போட்டு 1–1 ஆக்கிவிட்டது. அரையிறுதி வாய்ப்பு போனது. தன்ராஜ் தேம்பி அழுதார். சம்பளத்துக்காக மட்டும் ஆடுகிறவருக்கு அந்த அழுகை வருமா?

2002 சாம்பியன்ஸ் கோப்பை ஜெர்மனியில் நடந்தது. போட்டியின் சிறந்த வீரர் விருது 34 வயது தன்ராஜுக்கு! 2003-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 4–2 என்று வென்று ஆசியக் கோப்பையைத் தூக்கினார். அதற்கும் அவர்தான் அணித்தலைவர்.

பூட்டிய கதவு

இப்போது ரஷ்யாவுக்குப் போவோம். அப்போது ரஷ்யா, உக்ரைன் உட்படப் பதினைந்து குடியரசுகள் சேர்ந்த சோவியத் ஒன்றியம் ஒரே நாடாக இருந்தது. அதன் ஐஸ் ஹாக்கி அணி அசுர பலம் கொண்டது. 1964, 1968, 1972, 1976 என்று வரிசையாக நான்கு ஒலிம்பிக் தங்கம். 1980-இல்தான் அந்த 4–3 அதிர்ச்சி. பிறகு 1984, 1988 இரண்டிலும் மறுபடி தங்கம்.

அந்த அணியின் உயிர்நாடியாக ஐந்து பேர் இருந்தார்கள். ஃபெடிசோவ், கசதோனோவ் இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். மகரோவ், லரியோனோவ், க்ருதோவ் மூவரும் முன்களம். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்க்காமலே இன்னொருவர் பக்கைத் தள்ளிவிடுவார். அது சரியாகப் போய்ச் சேரும்.

ஆனால் அந்தப் பழக்கத்துக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. மாஸ்கோ ராணுவக் கிளப்பின் வீரர்கள் ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். பயிற்சியாளர் விக்டர் திகோனோவ் மிகக் கண்டிப்பானவர். ஆண்டுக்குப் பதினொரு மாதம் முகாமிலேயே இருக்க வேண்டும். மனைவி, பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். கனடா, அமெரிக்க அணிகள் இவர்களை 'வாருங்கள்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. நாட்டை விட்டுப் போக அனுமதி கிடையாது.

1988-இல் லரியோனோவ் ஒரு காரியம் செய்தார். கண்ணாடி போட்ட, நிறையப் படிக்கிற மனிதர். நண்பர்கள் அவரைப் 'புரொபசர்' என்று கூப்பிடுவார்கள். பயிற்சியாளரின் கெடுபிடியைக் கண்டித்து ஒரு வார இதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார். ராணுவத்தில் இருந்துகொண்டு மேலதிகாரியைப் பற்றி அப்படி எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அணித்தலைவர் ஃபெடிசோவும் 1989 தொடக்கத்தில் 'இனி இந்தப் பயிற்சியாளரிடம் ஆட மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். அவரை அணியிலிருந்து நீக்கினார்கள். உடனே சக வீரர்கள் தொலைக்காட்சியில் தோன்றி, 'ஃபெடிசோவ் இல்லாமல் நாங்கள் உலகப் போட்டிக்குப் போக மாட்டோம்' என்றார்கள். வேறு வழியின்றி அவரைத் திரும்பச் சேர்த்தார்கள். ஸ்டாக்ஹோமில் நடந்த அந்த உலகப் போட்டியில் சோவியத் அணி பட்டம் வென்றது.

பட்டம் வென்ற கையோடு அங்கே இன்னொன்றும் நடந்தது. அலெக்சாண்டர் மொகில்னி என்ற இருபது வயது வீரர் அணியோடு ஊர் திரும்பவில்லை. யாருக்கும் சொல்லாமல் அமெரிக்காவுக்குப் போய் பஃபலோ அணியில் சேர்ந்துவிட்டார். ராணுவத்தை விட்டு ஓடியவர் என்ற முத்திரை விழுந்தது. மறுபடி ஊருக்கு எப்போது வர முடியும் என்பது அவருக்கே தெரியாது. இருபது வயதில் அம்மா அப்பாவை விட்டு அப்படிப் போவது எவ்வளவு கனமான முடிவு என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு செர்கெய் ஃபெதரோவ் என்ற இன்னொரு இளைஞரும் அமெரிக்காவுக்கு ஆடப் போன இடத்தில் ஹோட்டலை விட்டு வெளியேறி, டெட்ராய்ட் அணிக்குப் போய்விட்டார்.

கதவு திறந்தது

இதற்கிடையில் 1989-இல் சோவியத் அரசே மெல்லக் கதவைத் திறந்தது. முதலில் செர்கெய் பிரியாகின் என்ற வீரர் அனுமதியோடு கனடாவின் கால்கரி அணிக்குப் போனார். பிறகு ஃபெடிசோவ் அமெரிக்காவின் நியூஜெர்சிக்கும், மகரோவ் கால்கரிக்கும், லரியோனோவும் க்ருதோவும் கனடாவின் வான்கூவருக்கும் போனார்கள். சம்பளத்தின் பெரும் பகுதி சோவியத் அரசு அமைப்புக்குப் போகும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஃபெடிசோவ் அதற்கு ஒப்பவில்லை. 'உழைக்கப் போகிறவன் நான், சம்பளம் எனக்குத்தான்' என்பது அவர் வாதம்.

அங்கே போனதும் மாலை போட்டு வரவேற்கவில்லை. பல ஆண்டுகளாக ரஷ்யா என்றால் எதிரி நாடு என்று பழகியவர்கள் அவர்கள். 'எங்கள் வேலையைப் பறிக்க வந்தவர்கள்' என்று முறைத்தவர்களும் உண்டு. மொழி புரியாது, சாப்பாடு வேறு, கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்குவதே சோதனை.

எல்லோரும் ஜெயித்துவிடவில்லை. காளை மாதிரி பலமான க்ருதோவுக்குப் புது ஊர் ஒத்துவரவே இல்லை. ஒரே பருவத்தோடு வான்கூவர் வாழ்க்கை முடிந்தது. ஆனால் மகரோவ் சிறந்த புதுமுக வீரர் விருதை வாங்கினார். அப்போது அவருக்கு 31 வயது! 'ஏற்கெனவே உலகச் சாம்பியனாக இருந்தவர் எப்படிப் புதுமுகம் ஆவார்?' என்று ஒரே சலசலப்பு. அடுத்து, 26 வயதுக்கு மேற்பட்டவருக்கு அந்த விருது கிடையாது என்று விதியையே மாற்றிவிட்டார்கள்!

ஓடிப்போன இருவரும் உச்சிக்குப் போனார்கள். மொகில்னி 1992–93 பருவத்தில் 76 கோல் போட்டார். ஃபெதரோவ் 1994-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார்.

ரஷ்ய ஐவர்

டெட்ராய்ட் அணியின் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் ஒரு கனடாக்காரர். தன் அணியில் ஃபெதரோவ், லரியோனோவ், ஃபெடிசோவ், விளாதிமிர் கான்ஸ்டான்டினோவ், வியாசெஸ்லாவ் கோஸ்லோவ் என்று ஐந்து ரஷ்யர்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1995 அக்டோபர் 27-ஆம் தேதி கால்கரியில் நடந்த ஆட்டத்தில் ஐந்து பேரையும் ஒன்றாக இறக்கினார். ஃபெடிசோவுக்கு 37 வயது, லரியோனோவுக்கு 34. 'வயதான ஆட்கள் என்ன செய்யப் போகிறார்கள்?' என்று பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். டெட்ராய்ட் 3–0 என்று வென்றது.

அப்படி என்ன செய்தார்கள்? அமெரிக்கப் பாணியில் நேராக ஓடுவார்கள். வழியில் ஆள் நின்றால் மோதுவார்கள். முடியாவிட்டால் பக்கைத் தூரத்தில் அடித்துவிட்டுத் துரத்துவார்கள். ரஷ்யர்களோ வழி அடைத்திருந்தால் பின்னால் திரும்பி நண்பனிடம் தள்ளுவார்கள். அவர் இன்னொருவரிடம். ஐந்து பேரும் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி வருவதை மேலேயிருந்து பார்த்தால், உங்கள் அம்மா மார்கழியில் போடும் சிக்குக் கோலம் மாதிரி இருக்கும். பக்கைப் பிடிக்க வந்தவர்தான் சிக்கிக்கொள்வார்!

1997 ஜூன் 7-ஆம் தேதி டெட்ராய்ட் ஸ்டான்லி கோப்பையை வென்றது. 42 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வெற்றி. எந்த ஊர்க்காரர்கள் ரஷ்யர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்களோ, அதே நாட்டில் ஒரு ஊரே அந்த ஐந்து பெயர்களைச் சொல்லி ஆர்ப்பரித்தது.

சக்கர நாற்காலியில் கோப்பை

ஆறே நாளில் அந்த மகிழ்ச்சியில் இடி விழுந்தது. ஃபெடிசோவ், கான்ஸ்டான்டினோவ், அணியின் உடற்பிடிப்பு நிபுணர் மூவரும் சென்ற வாடகைக் கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஃபெடிசோவ் தப்பினார். மற்ற இருவருக்கும் தலையில் பலத்த அடி. கான்ஸ்டான்டினோவ் பல வாரங்கள் நினைவில்லாமல் கிடந்தார். அதன்பின் அவரால் ஆட முடியவே இல்லை.

அடுத்த ஆண்டு டெட்ராய்ட் வீரர்கள் நண்பனை நினைத்தே ஆடினார்கள். 1998 ஜூன் 16-ஆம் தேதி மறுபடி கோப்பையை வென்றார்கள். சக்கர நாற்காலியில் இருந்த கான்ஸ்டான்டினோவைப் பனித்தரைக்கு அழைத்து வந்தார்கள். கனடாக்காரரான அணித்தலைவர் ஸ்டீவ் ஐசர்மன் கோப்பையை வாங்கி, அதைக் கொண்டுபோய் கான்ஸ்டான்டினோவின் மடியில் வைத்தார். கோப்பையோடு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ரஷ்யன், கனடாக்காரன், அமெரிக்கன் என்ற பேச்சே அங்கே இல்லை. எல்லோர் கண்ணிலும் தண்ணீர்.

திரும்பி வந்தவர்கள்

'வெளிநாட்டுக்குப் போய்விட்டால் நாட்டை மறந்துவிடுவார்கள்' என்று பயந்துதானே கதவைப் பூட்டினார்கள்? நடந்தது என்ன?

1997-இல் கோப்பை வென்றதும் ஃபெடிசோவ், லரியோனோவ், கோஸ்லோவ் மூவரும் ஸ்டான்லி கோப்பையை மாஸ்கோவுக்கே கொண்டுபோனார்கள். அது ரஷ்ய மண்ணுக்கு வந்தது அதுவே முதல் முறை. ஃபெடிசோவ் 2002-இல் ரஷ்யாவின் விளையாட்டுத் துறைத் தலைவரானார். அதைவிட ஆச்சரியம் ஃபெதரோவ். எந்த ராணுவக் கிளப்பை விட்டு 1990-இல் தப்பி ஓடினாரோ, அதே கிளப்புக்குப் பின்னாளில் பயிற்சியாளராக வந்து, 2022, 2023 இரண்டு ஆண்டும் பட்டம் வாங்கிக் கொடுத்தார்!

அவர்கள் போட்ட பாதையில் அடுத்த தலைமுறை நிம்மதியாக நடந்தது. மாஸ்கோவில் பிறந்த அலெக்சாண்டர் ஒவெச்கினின் அம்மா, கூடைப்பந்தில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். மகன் 2004-இல் வாஷிங்டன் அணிக்கு முதல் ஆளாகத் தேர்வானார். யாரும் ஓடி ஒளிய வேண்டியிருக்கவில்லை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி அவர் தன் 895-வது கோலைப் போட்டு, கனடாவின் வேய்ன் கிரெட்ஸ்கி வைத்திருந்த 894 கோல் சாதனையை முறியடித்தார். கோல் காப்பாளராக எதிரே நின்றவரும் ஒரு ரஷ்யர்தான்!

நம் தன்ராஜ்? ஓய்வுக்குப் பிறகு மும்பையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஹாக்கி அகாடமி தொடங்கினார். அதற்குப் பணம் திரட்டிய வழி வேடிக்கையானது. கம்ப்யூட்டர் பிரிண்டரில் மை தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற டப்பாக்களைச் சேகரித்து, மறுசுழற்சி செய்யும் ஐரோப்பிய நிறுவனத்துக்கு விற்றார். பிறர் தூக்கி எறிந்த பந்தில் விளையாடி வளர்ந்தவருக்கு, தூக்கி எறிந்த பொருளின் மதிப்பு தெரியாதா?

நம் பக்கத்து மைதானங்கள்

இப்போது காற்று இந்தப் பக்கமும் வீசுகிறது. 2013-இல் ஹாக்கி இந்தியா லீக் தொடங்கியபோது ஆஸ்திரேலியா, ஜெர்மனி, நெதர்லாந்து வீரர்கள் நம் நாட்டுக்குச் சம்பளத்துக்கு ஆட வந்தார்கள். சில ஆண்டுகள் நின்றுபோன அந்த லீக், 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற அணி, நெதர்லாந்து வீரர் ஜிப் யான்சனை 54 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. நம்மவர்களும் போகிறார்கள். இந்திய அணித்தலைவராக இருந்த சர்தார் சிங் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் கிளப் ஹாக்கி ஆடினார்.

மம்சாபுரத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாத தூரம் இல்லை. கடலை மிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டி நமக்கு எவ்வளவு பக்கம்! ஹாக்கிக்கும் பேர்போன ஊர் அது. அங்குள்ள விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன், கார்த்தி இருவரும் 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடி வெண்கலம் வாங்கினார்கள். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். உலகக் கோப்பை மதுரைக்கே வந்துவிட்டது என்றால், நம் ஊர்ப் பிள்ளை உலகத்துக்குப் போவதில் என்ன அதிசயம்?

அப்படிப் போகிறவர்கள் நான்கு விஷயங்களை இந்தக் கதைகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: மொழி. போகிற ஊரின் மொழியில் நான்கு வார்த்தையாவது பேசப் பழகுங்கள். பேச ஆள் இல்லாத தனிமை பலசாலியையும் சாய்த்துவிடும்.

இரண்டு: கையெழுத்து. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போடுங்கள். ஃபெடிசோவ் கேட்டதுபோல 'என் சம்பளம் யாருக்குப் போகிறது?' என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

மூன்று: படிப்பு. விளையாட்டு வாழ்க்கை குறுகியது. ஒரு விபத்து, ஒரு காயம் போதும். அதற்கப்புறம் கைகொடுப்பது படிப்பும் சேமிப்பும்தான்.

நான்கு: கூட இருப்பவர்கள். லரியோனோவின் நண்பர்கள், தன்ராஜின் அண்ணன், ஐசர்மன் என்ற தலைவர். தனியாக உயர்ந்தவர் இந்தக் கதையில் ஒருவர்கூட இல்லை.

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு வீரர் யாருக்குச் சொந்தம்? கதவைப் பூட்டி வைத்த இடத்தில் இருபது வயதுப் பிள்ளை யாருக்கும் சொல்லாமல் ஓடிப்போனான். கதவு திறந்ததும் போனவர்கள் கோப்பையோடு வந்து நின்றார்கள். அவமானப்பட்ட பிறகும் தன்ராஜ் வந்து இந்தியச் சட்டையைப் போட்டார். யாரும் பிடித்து இழுத்து வரவில்லை, அவராக வந்தார். வீரர் தனக்குத்தான் சொந்தம், குழந்தைகளே. தன்னை நாட்டுக்குக் கொடுப்பது அவர் மனமாரக் கொடுக்கும் பரிசு. பரிசைப் பறித்து வாங்க முடியாது, இல்லையா?

தெரிந்துகொள்ளுங்கள்

* ஸ்டான்லி கோப்பை வென்ற அணியின் ஒவ்வொரு வீரரும் ஒரு நாள் அந்தக் கோப்பையைத் தன் ஊருக்கு எடுத்துப் போகலாம்.

* ஐஸ் ஹாக்கி மைதானத்தின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. உங்கள் பள்ளி மைதானத்தில் அடி வைத்து அளந்து பாருங்கள்.

* இந்தியாவிலும் ஐஸ் ஹாக்கி உண்டு! லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்துபோன குளங்களின் மேல் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். 2025-இல் நடந்த பெண்கள் ஐஸ் ஹாக்கி ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றது.

* அம்மா அப்பாவிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் வேலைக்காக முதன்முதலில் வெளியூர் போனவர் யார்? கையில் எதை எடுத்துக்கொண்டு போனார்? அந்தக் கதையை உங்கள் நோட்டில் பத்து வரியில் எழுதிப் பாருங்கள்.